திரை ஏன் திக்குகிறது?

புது மானிட்டர் வந்து இறங்கியிருக்கிறது. அட்டைப்பெட்டியின் மேல் 144 ஹெர்ட்ஸ் என்று பெரிதாக அச்சிட்டிருக்கிறார்கள். கேபிளைச் செருகி, கம்ப்யூட்டரைப் போட்டு, பழகிய கேமைத் திறந்தால் பழைய திரையில் எப்படி ஓடியதோ அப்படியேதான் ஓடுகிறது. மூலையில் தெரியும் எண், நொடிக்கு 90 படம் என்கிறது. கண் அதை ஒப்புக்கொள்ள மறுக்கிறது. பார்வையைத் திருப்பும்போதெல்லாம் காட்சி சின்னதாக ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டுத்தான் நகர்கிறது. கிராஃபிக்ஸ் செட்டிங்ஸில் எல்லாவற்றையும் ‘லோ’வுக்கு இறக்கினால் எண் 130க்கு ஏறுகிறது, குலுக்கல் மட்டும் போகவில்லை.

எண் சொல்வதும் உண்மை, கண் சொல்வதும் உண்மை. எண் கடந்துபோன ஒரு நொடியின் கணக்கைச் சொல்கிறது. கண்ணுக்கு ஒரு நொடி என்பது மிக நீண்ட காலம். அதற்குள் எந்தப் படம் எப்போது வந்தது என்பதையே அது பார்க்கிறது. புது மானிட்டரில் செய்ய வேண்டிய சரிசெய்தல்கள் பெரும்பாலும் இந்த ‘எப்போது’வைப் பற்றியவைதான்.

முதலில் எளிய சந்தேகம் ஒன்றைத் தீர்த்துவிடலாம். 144 ஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 144 முறை படத்தை மாற்றிக் காட்டும் திறன் அந்த மானிட்டருக்கு உண்டு என்று பொருள். இதுதான் புதுப்பிப்பு வீதம். கேமர்கள் வாயில் ரெஃப்ரெஷ் ரேட். திறன் இருப்பதாலேயே அது அப்படி ஓடுகிறது என்று ஆகிவிடாது. புதிதாக இணைத்த மானிட்டரை விண்டோஸ் பல நேரங்களில் 60 ஹெர்ட்ஸிலேயே ஓட்டும். செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் டிஸ்ப்ளே, அதற்கும் உள்ளே அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்று போய் அங்குள்ள பட்டியலில் 144ஐத் தேர்ந்தெடுக்க வேண்டும். கூடுதல் காசு கொடுத்து வேகமான மானிட்டர் வாங்கி, மாதக்கணக்கில் அதை 60இல் ஓட்டிக்கொண்டு, ‘பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை’ என்று சொல்லித் திரிபவர்கள் இப்படித்தான் உருவாகிறார்கள்.

சிலருக்கு அந்தப் பட்டியலில் 144 என்ற எண்ணே இருக்காது. அப்போது கேபிளையும் அது செருகப்பட்ட துளையையும் பார்க்க வேண்டும். கணக்கு எளியதுதான். கேமர்கள் இப்போது விரும்பி வாங்கும் 1440பி மானிட்டரில் குறுக்கே 2,560, நெடுக்கே 1,440, ஆக ஏறத்தாழ 36.9 லட்சம் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் எட்டெட்டு பிட்டாக 24 பிட் தகவல் வேண்டும். இதை நொடிக்கு 144 முறை அனுப்புவதென்றால் சுமார் 1,270 கோடி பிட். படங்களுக்கு நடுவே விடப்படும் இடைவெளியையும் சேர்த்தால் 1,400 கோடியைத் தொடும். பழைய எச்.டி.எம்.ஐ. 1.4 இணைப்பு நொடிக்கு 816 கோடி பிட்தான் படத் தகவலைக் கடத்தும். எச்.டி.எம்.ஐ. 2.0 என்றால் 1,440 கோடி, மூச்சுமுட்டச் சமாளித்துவிடும். டிஸ்ப்ளேபோர்ட் 1.2க்கு 1,728 கோடி என்பதால் கவலையில்லை. கேபிளைக் கிராஃபிக்ஸ் கார்டில் செருகாமல் மதர்போர்டின் துளையில் செருகிவிடுவது இன்னொரு பழைய வினை. அப்படிச் செய்தால் படம் பிராசசருக்குள் இருக்கும் சிறிய கிராஃபிக்ஸ் பகுதியின் வழியாகப் போகும்; வாங்கிய கார்டு ஒன்று சும்மா கிடக்கும், அல்லது சுற்றுவழியில் வேலை செய்யும்.

இவ்வளவும் சரியாக இருந்து, அப்போதும் திக்கினால்தான் விஷயம் சுவாரசியமாகிறது.

ஒரு நொடியில் 1,000 மில்லிவிநாடி. 60 ஹெர்ட்ஸ் திரை ஒரு படத்தை 16.7 மில்லிவிநாடி வைத்திருக்கும். 144 ஹெர்ட்ஸ் திரை 6.9, 240 ஹெர்ட்ஸ் திரை 4.2 மில்லிவிநாடி. கிராஃபிக்ஸ் கார்டுக்கு இந்தக் கெடு எதுவும் தெரியாது. வெறும் சுவரைப் பார்த்து நிற்கும் காட்சியை 5 மில்லிவிநாடியில் வரைந்துவிடும். கதவைத் திறந்ததும் புகையும் வெடிப்புமாக இருந்தால் அதே கார்டு 20 எடுத்துக்கொள்ளும். இப்போது ஒரு நொடியைக் கற்பனை செய்யலாம். அதில் 89 படங்கள் தலா 10 மில்லிவிநாடியில் வந்தன. ஒரே ஒரு படம் மட்டும் 110 மில்லிவிநாடி எடுத்துக்கொண்டது. கூட்டினால் சரியாக ஒரு நொடி, 90 படம். மூலையில் இருக்கும் எண் 90 என்று பெருமையாகக் காட்டும். பார்ப்பவர் கண்ணில் படுவது, காட்சி ஒரு கணம் உறைந்து நின்ற அந்த 110 மில்லிவிநாடி மட்டுமே.

மணிக்கு ஆறு பேருந்து என்று ஒரு வழித்தடத்தின் அட்டவணை சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். பத்து நிமிடத்துக்கு ஒன்றாக வந்தாலும் ஆறுதான்; ஐம்பது நிமிடம் காக்க வைத்துவிட்டு ஆறும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு வந்தாலும் ஆறுதான். அட்டவணை போட்டவருக்கு இரண்டும் ஒரே கணக்கு. நிறுத்தத்தில் வெயிலில் நிற்பவருக்கு அப்படியல்ல.

வெளிப்படையாகத் தோன்றும் இந்த உண்மை, கிராஃபிக்ஸ் கார்டுகளை மதிப்பிடுபவர்கள் மத்தியில் மிகத் தாமதமாகத்தான் உறைத்தது. பல ஆண்டுகளாக அவர்களின் ஒரே அளவுகோல் எஃப்.பி.எஸ்., அதாவது நொடிக்கு எத்தனை படம் என்ற சராசரி. 2011 செப்டம்பரில் ‘தி டெக் ரிப்போர்ட்’ இதழின் ஸ்காட் வாசன் அந்த ஒரு நொடிக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்கும் நீண்ட கட்டுரை ஒன்றை வெளியிட்டார். ஒவ்வொரு படமும் எத்தனை மில்லிவிநாடி எடுத்தது என்று ஃப்ராப்ஸ் என்னும் மென்பொருளால் பதிவுசெய்து, சராசரியைத் தூக்கி வைத்துவிட்டு அந்த நேரங்களையே வரைபடமாக்கினார். சராசரியில் சமமாக நின்ற கார்டுகள் வரைபடத்தில் பிரிந்து போயின. ஒன்றின் கோடு ஏறத்தாழச் சீராக ஓடும். இன்னொன்றின் கோடு முள்வேலி மாதிரி குத்திட்டு நிற்கும். நூற்றில் 99 படங்கள் எத்தனை மில்லிவிநாடிக்குள் முடிந்தன என்ற கேள்வியை அவர் முன்வைத்தார். இன்றைக்கு ‘1% லோ’ என்று கார்டு விமர்சனங்களில் தவறாமல் இடம்பெறும் எண் அதே சிந்தனையின் வாரிசு.

வாசனின் முறையில் ஓட்டை ஒன்று இருந்தது. ஃப்ராப்ஸ், கேம் தன் படத்தை வரையக் கொடுக்கும் முனையில் உட்கார்ந்து அளக்கிறது. அந்தப் படம் உண்மையில் திரைக்கு எப்போது போய்ச் சேர்ந்தது என்பது அதற்குத் தெரியாது. 2013இல் கார்டு நிறுவனமான என்விடியா இதற்கு ஒரு வழியை வெளியிட்டது. எஃப்கேட் என்று பெயர். கேம் வரையும் ஒவ்வொரு படத்தின் இடது ஓரத்திலும் ஒரு வண்ணப் பட்டை ஒட்டப்படும். வண்ணங்கள் ஒரு நிலையான வரிசையில் மாறிக்கொண்டே போகும். மானிட்டருக்குப் போகும் சமிக்ஞையை அப்படியே இன்னொரு கம்ப்யூட்டர் பதிவுசெய்யும். பிறகு பதிவை ஓடவிட்டு, எந்த வண்ணம் திரையில் எத்தனை வரிகளுக்கு நீடித்தது என்று எண்ணினால் போதும். பட்டை நீளமாக இருந்தால் அந்தப் படம் கண்ணில் பட்டது என்று அர்த்தம். வரிசையில் வர வேண்டிய வண்ணமே காணாமல் போனால் அந்தப் படம் திரைக்கு வரவே இல்லை.

முடிவுகள் சங்கடமாக இருந்தன. அந்தக் காலத்தில் வசதியுள்ளவர்கள் இரண்டு கார்டுகளை இணைத்து வேகத்தை இரட்டிப்பாக்குவார்கள். ஏ.எம்.டி.யின் கிராஸ்ஃபயர் முறையில் அப்படி இணைத்த ரேடியான் கார்டுகள் சில கேம்களில் அனுப்பிய படங்களில் பாதிக்கு மேல் வெறும் சில வரிகள் உயரமுள்ள கீற்றுகளாகவே திரையில் தெரிந்தன. ஒரு முழுப் படம், அதன் வாலில் ஒரு கீற்று, மறுபடி ஒரு முழுப் படம். எண்ணில் வேகம் இரட்டிப்பு. கண்ணுக்கு ஒற்றைக் கார்டின் வேகமே. போட்டி நிறுவனம் கொடுத்த கருவி என்பதால் சந்தேகப்பட இடமிருந்தது. ஆனால் வண்ணப் பட்டையை எவரும் எண்ணிப் பார்க்கலாம். அதே ஆண்டு ஆகஸ்டில் ஏ.எம்.டி., படங்களைச் சீரான இடைவெளியில் வெளியிடும் புதிய டிரைவரைக் கொண்டுவந்தது. சராசரியை ஏற்றுவதற்காகவே மென்பொருள் எழுதிக்கொண்டிருந்த ஒரு தொழில், சீரான இடைவெளிக்காகவும் எழுத வேண்டியதாயிற்று.

சீரான இடைவெளிக்கு இன்னொரு எதிரி, மானிட்டரின் பிடிவாதம். திரை படத்தை ஒரே வீச்சில் மாற்றுவதில்லை. மேலிருந்து கீழாக, வரி வரியாக மாற்றிக்கொண்டு வருகிறது. பாதித் திரைக்கு வந்துகொண்டிருக்கும்போது கார்டு புதுப் படத்தை நீட்டிவிட்டால், மேல் பாதியில் பழைய படமும் கீழ் பாதியில் புதுப் படமுமாகக் காட்சி குறுக்கே பிளந்து தெரியும். வேகமாகத் திரும்பும்போது தூண்கள் நடுவில் வெட்டப்பட்டு நகர்ந்தது போல் இருக்கும். இதைக் கிழிசல் என்று சொல்லலாம். கேமர்கள் சொல்வது டியரிங்.

இதற்குப் பழைய மருந்து வி-சிங்க். திரை ஒரு படத்தை முழுக்க வரைந்து முடிக்கும்வரை அடுத்த படத்தை நீட்டாதே என்று கார்டைக் கட்டிப்போடுவது. கிழிசல் அறவே போய்விடும். விலை என்னவென்றால், 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு படம் 16.7க்குப் பதில் 17 மில்லிவிநாடி எடுத்துக்கொண்டுவிட்டால், அந்தச் சுற்றைத் தவறவிட்டு அடுத்த சுற்றுவரை, அதாவது 33.3 வரை, காத்திருக்க வேண்டும். 59 படம் வரையக்கூடிய கார்டு திடீரென்று 30க்கு விழும். மூன்றாவதாக ஒரு படத்தை வரைந்து வைக்க இடம் ஒதுக்கினால் இந்தச் சரிவு குறையும். ஆனால் மவுஸை அசைத்ததற்கும் திரை அசைவதற்கும் இடையிலான தாமதம் கூடும். துப்பாக்கிச் சண்டை கேம்களை ஆடுபவர்கள் கிழிசலோடு வாழ்ந்தாலும் வாழ்வேன், வி-சிங்க் வேண்டாம் என்று சொன்னதற்குக் காரணம் இதுதான்.

தலைகீழாக யோசித்தால் என்ன? கார்டு திரைக்காகக் காத்திருப்பதற்குப் பதில் திரை கார்டுக்காகக் காத்திருக்கலாமே. பழைய குழாய் மானிட்டர்களில் இது முடியாது; எலக்ட்ரான் கற்றை தாளம் தப்பாமல் திரையைச் சுற்றி வந்துகொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒளி மங்கிப் படபடக்கும். கற்றை அடியிலிருந்து மேலே திரும்பி வர ஒவ்வொரு படத்துக்கும் நடுவே சிறிது நேரம் ஒதுக்கியிருந்தார்கள். எல்.சி.டி. திரையில் கற்றையும் இல்லை, திரும்பி வரும் வேலையும் இல்லை. ஒதுக்கிய நேரம் மட்டும் பழக்கத்தால் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த இடைவெளியை, அடுத்த படம் தயாராகும்வரை இழுத்துக்கொண்டே போகலாம் என்பதுதான் மாறும் புதுப்பிப்பு வீதத்தின் அடிப்படை.

2013 அக்டோபரில் மான்ட்ரியல் நகரில் நடந்த நிகழ்ச்சியில் என்விடியா இதை ஜி-சிங்க் என்ற பெயரில் காட்டியது. மானிட்டருக்குள் அதன் தனிச் சில்லுப் பலகையைப் பொருத்த வேண்டும் என்பதால் விலை ஏறியது. மூன்றே மாதத்தில், 2014 ஜனவரியில், ஏ.எம்.டி. சாதாரண லேப்டாப்களிலேயே அதே வித்தையைச் செய்து காட்டியது. லேப்டாப் திரைகளில் பேட்டரியை மிச்சப்படுத்த வீதத்தைக் குறைக்கும் வசதி ஏற்கெனவே இருந்தது. அதைக் கேமுக்குத் திருப்பிவிட்டார்கள். அந்த ஆண்டு மே மாதம் திரைத் தரநிலைகளை வகுக்கும் வீசா அமைப்பு இதை அடாப்டிவ்-சிங்க் என்ற பெயரில் டிஸ்ப்ளேபோர்ட் தரத்தோடு சேர்த்தது. ஏ.எம்.டி.யின் ஃப்ரீசிங்க் அதன் மேல்தான் நிற்கிறது. ஐந்து ஆண்டு பிடிவாதத்துக்குப் பின் 2019 ஜனவரியில் என்விடியாவும் தன் கார்டுகளில் அடாப்டிவ்-சிங்க் மானிட்டர்களை ஏற்றுக்கொண்டது. தான் சோதித்த 400 மானிட்டர்களில் 12 மட்டுமே முழுத் தேர்ச்சி பெற்றன என்று அப்போது அது அறிவித்தது. பிடிவாதத்துக்கு ஒரு நியாயமாகவே அது அந்த எண்ணைச் சொன்னது போலிருந்தது.

ஆக, புது மானிட்டர் வாங்கியவர் அடுத்துச் செய்ய வேண்டியது இந்த மாறும் வீத வசதியை இயக்குவது. இரண்டு இடங்களில் இயக்க வேண்டும் என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். மானிட்டரின் பின்புறப் பொத்தானை அழுத்தினால் வரும் பட்டியலில் ஒரு முறை, கார்டின் டிரைவர் மென்பொருளில் இன்னொரு முறை. வரம்பையும் பார்த்துக்கொள்ள வேண்டும். 48 முதல் 144 என்று இருந்தால் அந்த எல்லைக்குள்தான் திரை கார்டுக்கு வளைந்து கொடுக்கும். கீழே போனால், நல்ல டிரைவர்கள் ஒரே படத்தை இரண்டு முறை காட்டித் தப்பிக்கும். நொடிக்கு 40 படம் வந்தால் திரை 80இல் ஓடும். மேலே போனால்தான் சிக்கல். கார்டு 144ஐ எட்டியதும் திரைக்கு அதற்கு மேல் இழுக்க இடமில்லை. மறுபடி கிழிசல், அல்லது மறுபடி வி-சிங்க்கின் தாமதம். அதனால் கேமின் வேகத்துக்கு 141 போல, உச்சத்துக்குச் சற்றுக் கீழே, ஒரு கூரை போடுவது கேமர்கள் வழக்கம். மவுஸ் பொத்தானோடு ஒரு விளக்கை இணைத்து, விளக்கு எரிவதையும் திரை மாறுவதையும் நொடிக்கு 1,000 படம் எடுக்கும் கேமராவில் பிடித்து எண்ணிப் பார்த்துத்தான் இந்தப் பழக்கம் உறுதியானது. மூன்று படம் குறைத்ததால் தாமதம் தெளிவாகக் குறைவதை அந்தச் சோதனைகள் காட்டின.

வேகத்தைக் குறைத்தால் எப்படித் தாமதம் குறையும்? கார்டு நூறு சதவீதம் திணறிக்கொண்டிருக்கும்போது, பிராசசர் தயாரித்த அடுத்த படங்கள் வரைய ஆளில்லாமல் வரிசையில் நிற்கின்றன. வரிசையில் நிற்கும் ஒவ்வொரு படமும் பழைய மவுஸ் அசைவைச் சுமந்துகொண்டிருக்கிறது. கார்டுக்குச் சற்று ஓய்வு கிடைத்தால் வரிசை உருவாகாது. 2020இல் வந்த என்விடியா ரிஃப்ளெக்ஸ் இந்த வரிசையைக் கேமுக்குள்ளிருந்தே ஒழிக்க முயல்கிறது. டூம் கேமை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜான் கார்மாக், 2012இல், ஒரு தரவுப் பொட்டலத்தை ஐரோப்பாவுக்கு அனுப்புவதைவிட ஒரு புள்ளியைத் திரைக்கு அனுப்ப அதிக நேரமாகிறது என்று அலுத்துக்கொண்டார். அவர் அளந்த திரையைப் பொறுத்தவரை அது மிகையில்லை.

படங்கள் தப்பாத இடைவெளியில் வருகின்றன, கிழிசலும் இல்லை. அப்போதும் வேகமாக ஓடும் காட்சி மங்கலாகத் தெரிகிறதே என்று கேட்பவர்களுக்குப் பதில் மானிட்டரில் பாதி, மனிதக் கண்ணில் பாதி இருக்கிறது. கண்ணில் இருக்கும் பாதியை முதலில் பார்க்கலாம். நகரும் பொருளைக் கண் தொடர்ந்து உருண்டபடியே பார்க்கிறது. எல்.சி.டி. திரையோ அந்தப் பொருளை ஓரிடத்தில் 16.7 மில்லிவிநாடி அசையாமல் வைத்துவிட்டு, சட்டென்று அடுத்த இடத்துக்குத் தாவுகிறது. பொருள் நிற்க, கண் நகர, படம் விழித்திரையில் இழுபட்டு அப்பிக்கொள்கிறது. நொடிக்கு 960 புள்ளி வேகத்தில் ஓடும் உருவம் 60 ஹெர்ட்ஸில் 16 புள்ளி அகலத்துக்கு மங்கும். 120 ஹெர்ட்ஸில் 8 புள்ளி. ஜப்பானிய ஒளிபரப்பு நிறுவனமான என்.எச்.கே.யின் ஆய்வாளர் குரிட்டா 2001லேயே இந்த விளைவை விளக்கியிருந்தார். குற்றம் திரையின் மெத்தனத்தில் மட்டும் இல்லை என்று வீட்டிலேயே சரிபார்க்கலாம். ஓடும் எழுத்தைக் கண்ணால் தொடர்ந்தால் மங்கல். அதே எழுத்தைக் குறைந்த ஒளிபடு நேரத்தில் அசையாத கேமராவால் எடுத்தால் படத்தில் எழுத்து பெருமளவு தெளிவாகவே நிற்கும். ‘பிளர் பஸ்டர்ஸ்’ தளத்தை நிறுவிய மார்க் ரெஜான், கண்ணைப் போலவே நடக்கும் கேமரா வேண்டும் என்று, திரையில் ஓடும் உருவத்தின் அதே வேகத்தில் தண்டவாளத்தின் மேல் நகரும் கேமராவால் படம் எடுக்கும் முறையைப் பரப்பினார். மானிட்டர் விமர்சனங்களில் வரும் பறக்கும் தட்டுப் படங்கள் அப்படி எடுத்தவைதான்.

‘மனிதக் கண்ணால் 60க்கு மேல் பார்க்க முடியாது’ என்ற வாதம் இன்னும் உயிரோடு இருக்கிறது. கண்ணுக்குள் நொடிக்கு இத்தனை என்று படம் எடுக்கும் கருவி எதுவும் கிடையாது. சீராக ஒளிரும் விளக்கின் துடிப்பு 60, 90 ஹெர்ட்ஸுக்குள் மறைந்துவிடுவது உண்மை. ஆனால் கூர்மையான விளிம்புகள் கொண்ட காட்சியில், விழி தாவும்போது, 500 ஹெர்ட்ஸ் துடிப்பைக்கூட மனிதர்கள் கண்டுகொள்வதை 2015இல் சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ் இதழில் டேவிஸ் குழுவினர் வெளியிட்ட ஆய்வு காட்டியது.

மானிட்டரில் இருக்கும் மறுபாதி, திரவப் படிகங்களின் சோம்பல். மின்னழுத்தம் மாறியதும் அவை உடனே திரும்பிவிடுவதில்லை. அவற்றைத் துரிதப்படுத்த, தேவையானதைவிடச் சற்று அதிக அழுத்தம் கொடுத்துத் தள்ளுவதை ஓவர்டிரைவ் என்கிறார்கள். மானிட்டர் பட்டியலில் இது நார்மல், ஃபாஸ்ட், எக்ஸ்ட்ரீம் என்று மூன்று நான்கு படிகளாக இருக்கும். உச்சப் படியை வைத்தால் படிகங்கள் இலக்கைத் தாண்டிப் போய்த் திரும்பி வரும். நகரும் பொருளின் பின்னால் வெளிறிய ஒளிவட்டம் ஒன்று வால் பிடித்துக்கொண்டு வரும். பெட்டியின் மேல் உள்ள ‘1 மில்லிவிநாடி’ பல சமயம் இந்த உச்சப் படியில், வசதியான ஒரு நிறமாற்றத்தில் அளந்தது. நடுப் படியே பெரும்பாலும் போதும். படம் ஓடும் வேகம் குறையும்போது அதே தள்ளல் அதிகமாகிவிடும் என்பதால், 144இல் நன்றாக இருந்த படி 60இல் ஒளிவட்டம் காட்டக்கூடும். ஓஎல்இடி திரைகளில் இந்தச் சோம்பல் கிடையாது. கண் உருண்டு உண்டாகும் மங்கல் அங்கும் உண்டு.

இனி கேமுக்குள். 144 ஹெர்ட்ஸ் திரையை நிரப்ப வேண்டும் என்றால் ஒவ்வொரு படத்துக்கும் கிடைக்கும் நேரம் 6.9 மில்லிவிநாடி. செட்டிங்ஸில் உள்ள ஒவ்வொரு வரியும் அதிலிருந்து ஒரு பங்கைக் கேட்கிறது. எல்லாம் ஒரே அளவு கேட்பதில்லை என்பதால் ‘லோ’, ‘அல்ட்ரா’ என்று மொத்தமாக மாற்றுவது விவேகமில்லை. நிழல்கள் விலை கூடியவை. ஒவ்வொரு விளக்கின் இடத்திலிருந்தும் காட்சியை இன்னொரு முறை வரைந்து பார்த்தால்தான் எது மறைகிறது என்று தெரியும். ஒளிக்கதிரைப் பின்தொடரும் ரே டிரேசிங் அதைவிடப் பசி கொண்டது. மூடுபனியும் ஒளிக்கற்றையும் கேட்பதற்கு மேல் தின்னும். ஒரு படி இறக்கினால் வித்தியாசம் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியதாக இருக்கும். டெக்ஸ்சர் என்னும் மேற்பரப்புப் படங்கள் வேறு ரகம். கார்டின் சொந்த நினைவகத்தில் இடம் இருக்கும்வரை அவை நேரத்தைத் தொடுவதே இல்லை. இடம் தீர்ந்ததும் மதர்போர்டு வழியாகக் கம்ப்யூட்டரின் பொது நினைவகத்துக்கு ஓட வேண்டியிருக்கும். சராசரி அதிகம் இறங்காமல் திக்கல் மட்டும் தொடங்கும். சாய்வான தரையைத் தெளிவாக்கும் அனிசோட்ரோபிக் ஃபில்டரிங் இன்றைய கார்டுகளுக்கு ஏறத்தாழ இலவசம். உச்சத்தில் வைத்து மறந்துவிடலாம்.

இறக்கியும் எண் ஏறவில்லை என்றால் தவறான இடத்தில் சிக்கனம் நடக்கிறது. சோதனை ஒன்று இருக்கிறது: திரைப் புள்ளிகளின் எண்ணிக்கையை, அதாவது ரெசொல்யூஷனை, ஒரே ஒரு முறை மிகவும் குறைத்துப் பார்ப்பது. எண் பாய்ந்து ஏறினால் கார்டுதான் இழுத்துப் பிடித்திருந்தது. அசையவே இல்லை என்றால் பிராசசர். அப்போது நிழலை இறக்கிப் பெரிய பயன் இல்லை. சைபர்பங்க் 2077 போன்ற கேமில் தெருவில் நடமாடும் கூட்டத்தின் அடர்த்தியைக் குறைப்பதே பலன் தரும், ஏனெனில் ஒவ்வொரு பாதசாரியும் எங்கே திரும்ப வேண்டும் என்று முடிவுசெய்வது பிராசசரின் வேலை.

கார்டுதான் தடை என்றால் இப்போது ஒரு குறுக்குவழி உண்டு. டி.எல்.எஸ்.எஸ்., எஃப்.எஸ்.ஆர். போன்றவை கேமைச் சிறிய அளவில் வரைந்து பெரிதாக்கித் தருகின்றன. 1440பி திரையில் ‘குவாலிட்டி’ என்று வைத்தால் உண்மையில் வரையப்படுவது சுமார் 1,707க்கு 960, 36.9 லட்சம் புள்ளிக்குப் பதில் 16.4 லட்சம். மீதியை முந்தைய படங்களில் சேர்த்து வைத்த தகவலிலிருந்து நிரப்புகிறார்கள். இதைத் தயங்காமல் பயன்படுத்தலாம். இதே பட்டியலில் பக்கத்தில் இருக்கும் ஃப்ரேம் ஜெனரேஷனிடம் மட்டும் கவனம் வேண்டும். அது இரண்டு உண்மையான படங்களுக்கு நடுவே கற்பனையாக ஒன்றைச் செருகுகிறது. நடுப் படத்தை வரைய இரண்டாவது படமும் கையில் இருக்க வேண்டும் என்பதால், தயாரான அந்தப் படம் சிறிது நேரம் பிடித்து வைக்கப்படுகிறது. எண் 60 என்று காட்டும். கண்ணுக்கு 60 போலவே இருக்கும். கைக்கு மட்டும் 30இன் கனம், அதற்கு மேலும் கொஞ்சம். ஏற்கெனவே 70, 80 வரும் கேமை மேலும் வழவழப்பாக்க இது நல்ல கருவி. 30இல் தள்ளாடுவதைக் காப்பாற்ற உதவாது.

செட்டிங்ஸ் எதற்கும் அடங்காத திக்கல் ஒன்றும் உண்டு. புதிய இடத்துக்குள் நுழையும்போதோ ஒரு மாயவித்தை முதல்முறை வெடிக்கும்போதோ மட்டும் காட்சி நிற்கிறது. அதே இடத்துக்கு இரண்டாம் முறை போனால் நிற்பதில்லை. ஷேடர் எனப்படும் சிறு நிரல்களை அந்தக் குறிப்பிட்ட கார்டின் மொழிக்கு அப்போதுதான் மாற்றுகிறது கேம். கன்சோலில் வன்பொருள் ஒன்றே என்பதால் இதை முன்கூட்டியே முடித்துவிடுவார்கள். கம்ப்யூட்டரில் கார்டும் டிரைவரும் ஆளுக்கு ஆள் வேறு. 2022 பிப்ரவரியில் வந்த எல்டன் ரிங் கம்ப்யூட்டர்களில் இத்தகைய திக்கல்களுக்காக வாங்கிக் கட்டிக்கொண்டது. ஒரே வன்பொருள் கொண்ட வால்வின் ஸ்டீம் டெக் கருவியில், முன்பே மாற்றிய ஷேடர்களை இறக்கிக்கொள்ளும் வசதி இருந்ததால் நிலைமை மேலாக இருந்தது. கேம் தொடங்கும்போது ‘ஷேடர்கள் தயாராகின்றன’ என்று ஒரு கோடு மெதுவாக நகர்ந்தால், அதைத் தாண்டிக் குதிக்காமல் முடியவிடுவது லாபம்.

எல்டன் ரிங்கில் இன்னொரு விசித்திரமும் இருக்கிறது. எத்தனை பெரிய கார்டு இருந்தாலும் அது நொடிக்கு 60 படத்துக்கு மேல் தராது. உருவாக்கியவர்கள் போட்ட கூரை அது. மாறும் வீதம் இல்லாத, அல்லது அதை அணைத்து வைத்த 144 ஹெர்ட்ஸ் திரையில் வி-சிங்க்கோடு இதை ஓட்டினால், 144ஐ 60ஆல் வகுக்க 2.4 வருகிறது. திரையால் ஒரு படத்தை 2.4 முறை காட்ட முடியாது. அதனால் சில படங்களை இரண்டு சுற்றும், அதாவது 13.9 மில்லிவிநாடியும், சில படங்களை மூன்று சுற்றும், அதாவது 20.8 மில்லிவிநாடியும் காட்டுகிறது. எஃப்.பி.எஸ். எண் 60இலிருந்து அசைவதே இல்லை, மைதானத்தில் குதிரையில் போகும்போது தொடுவானம் மட்டும் நொண்டுகிறது. விண்டோஸின் அதே பட்டியலுக்குப் போய் 144ஐ 120ஆக இறக்கினால் ஒவ்வொரு படமும் சரியாக இரண்டு சுற்று, 16.7 மில்லிவிநாடி நிற்கும். நொண்டல் போய்விடும்.